தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?: சிறிய முதியோர் குடியிருப்புகள் குறித்துச் சில குறிப்புகள்

எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் முதியோர் இல்லத்துக்குப் 'போவதில்லை'. 'ஹோம்ல விட்டுட்டாங்க' என்றுதான் பேச்சு. விடுதல் என்கிற இந்த வினையைக் கொஞ்சம் கவனிக்கலாம். பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிறோம், மாட்டைக் கோயிலுக்கு விடுகிறோம், வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறோம். விடப்படுகிறவருக்கு இந்த வாக்கியத்தில் எழுவாயாக இடமில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் இலக்கணம்தான் தெரியும் என்று நண்பர்கள் சிரிக்கலாம். ஆனால் முதியோர் குடியிருப்பு பற்றிய நம் மொத்தச் சொல்லாடலும் இந்த ஒரு வினைக்குள் அடங்கிக் கிடக்கிறது என்பதுதான் என் எண்ணம். ஒரு பக்கம், 'பெத்தவளைக் கொண்டுபோய் விட்டுட்டான் பாவி' என்கிற ஒப்பாரி. இதைச் சினிமாவும் பட்டிமன்றமும் பார்த்துக்கொள்கின்றன. இன்னொரு பக்கம், கோயம்புத்தூரிலும் கும்பகோணத்திலும் வளர்ந்துவரும் 'சீனியர் லிவிங்' வியாபாரத்தின் வழுவழுத் தாள்கள். இவை பெரும்பாலும் 'உங்கள் பெற்றோர்' என்றுதான் பேச ஆரம்பிக்கின்றன. அதாவது படிக்க வேண்டியவர் அங்கே வாழப்போகிற கிழவியல்ல, பணம் அனுப்பப்போகிற மகன். புறநானூற்றின் 243ஆம் பாட்டில், தடியூன்றிய கிழவர் இருமலுக்கு நடுவே தன் இளமையை நினைத்துத் தானே பேசுகிறார். அவர் பேசிய இடத்தில் இன்று அவர் மகனும் கம்பெனியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் போய் எழுதணுமா, கூலி, நிலம், சாதின்னு எவ்வளவு கிடக்கு என்று ஒரு தோழர் கேட்டார். கூலியும் நிலமும் சாதியும்தான் இதற்குள்ளும் இருக்கின்றன. காவிரிப் படுகையின் கிராமங்களில் பகலில் நடந்து பாருங்கள். நடுத்தர வயது ஆட்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். நிலமில்லாதவர்களின் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில். 2011 கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தவர்கள் இந்திய அளவில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4. அதற்குப் பிறகு இந்த விகிதம் ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. கூட்டுக்குடும்பம் சிதைந்துவிட்டது என்ற புலம்பலில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது இருந்த காலத்திலும் கிழவியின் மலம் அள்ளியவர் மருமகள்தான், அவளுக்குக் கூலி கிடையாது. இப்போது அந்த மருமகள் வேலைக்குப் போகிறாள், அல்லது முடியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதுவரைக்கும் நல்லது. அவள் விட்ட வேலையை யார் செய்கிறார்கள், என்ன கூலிக்கு, யார் கண்காணிப்பில் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

இங்கே நான் பேசுவது 10 பேரிலிருந்து 30 பேர் வரை தங்கும் சிறிய குடியிருப்புகளைப் பற்றி. படுக்கையோடு படுக்கையாகக் கிடப்பவர்களுக்கான ஆஸ்பத்திரி அல்ல இவை. அநாதை ஆசிரமமும் அல்ல. எழுந்து நடமாட முடியும், ஆனால் குளிக்க ஒரு கை பிடிக்கணும், மாத்திரையை நேரத்துக்கு ஞாபகப்படுத்தணும், சமைக்க முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கான இடம். கம்பெனிக்காரர்கள் 'அசிஸ்டட் லிவிங்' என்கிறார்கள்.

இந்தப் பெயரோடு ஒரு கதையும் இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில், 1983-ல் கெரன் பிரௌன் வில்சன் என்ற பெண் இதன் முன்னோடியான ஒரு குடியிருப்பைத் திறந்தார். அவருடைய அம்மா 55 வயதில் பக்கவாதம் வந்து மருத்துவ விடுதிகளில் காலம் தள்ளியவர். மகளிடம் அந்த அம்மா கேட்டது தனக்கென்று ஒரு சின்ன அடுப்படி, ஒரு குளியலறை, உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு கதவு. அதுல் கவாண்டே 2014-ல் எழுதிய நூலில் இந்தக் கதை வருகிறது. என்னை இழுத்தது அந்தக் கதவுதான். பராமரிப்பு தேவைப்படுகிறவர் தன் வீட்டுக்குள் வைத்துப் பராமரிக்கப்பட வேண்டும், உதவி செய்பவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வர வேண்டும் என்பதே அந்த யோசனையின் முழு அரசியலும். பிற்பாடு முதலீட்டாளர்கள் உள்ளே வந்தார்கள். பெயர் பரவியது; கதவு பல இடங்களில் காணாமல்போனது.

நம் ஊர்களுக்கும் பெயர்தான் வந்து சேர்ந்தது. நான் பார்த்த நாலைந்து சிறிய இல்லங்களில் ஒன்றில்கூட அறைக்கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. இருந்ததைக் கழற்றிய தடம், ஆணி ஓட்டை, தெரியும். காரணம் கேட்டால் உடனே பதில் வரும்: பாத்ரூமில் விழுந்துட்டா யார் சார் கதவை உடைக்கிறது? நியாயமான பயம்தான். கிழவிகள் விழத்தான் செய்கிறார்கள், இடுப்பெலும்பு முறிந்தால் பலருக்கு அதுவே கடைசிப் படுக்கை. ஆனால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் கடையில் கிடைக்கிறது. அதை வாங்கிப் பொருத்தாமல் இருந்ததைக் கழற்றியதற்குக் காரணம் பயம் மட்டுமல்ல. பாதுகாப்பு என்பது பணம் கட்டுகிறவருக்கு வேண்டிய சரக்கு, அந்தரங்கம் என்பது வாழ்கிறவருக்கு வேண்டியது. இரண்டும் மோதும் இடத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே காஃப்மனைக் கொஞ்சம் கூப்பிடலாம். 1961-ல் வந்த 'அசைலம்ஸ்' நூலில் 'முழு நிறுவனம்' என்ற கருத்தாக்கத்தை அவர் முன்வைத்தார். தூங்குவது, வேலை, பொழுதுபோக்கு எல்லாம் ஒரே கூரையின்கீழ், ஒரே அதிகாரத்தின்கீழ், மணியடித்து, கும்பல் கும்பலாக நடக்கும் இடம். சிறையையும் மனநோய் விடுதியையும் மட்டுமல்ல, முதியோர் இல்லத்தையும் அவர் அந்தப் பட்டியலில் சேர்த்தார். 18 பேர் உள்ள ஒரு வாடகை வீட்டுக்கு இது பொருந்துமா? முழுக்கப் பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். அங்கே மணி அடிப்பதில்லை, சீருடை இல்லை. 'நாங்கள்லாம் ஒரே குடும்பம் சார்' என்பார்கள், அது பாதி உண்மையும்கூட. ஆனால் குடும்பம் என்றால் குடும்பத்தின் அதிகாரமும் சேர்ந்துதானே வரும். 45 வயது நிர்வாகியை 80 வயதுக்காரர்கள் 'அம்மா' என்று கூப்பிடுகிறார்கள். அம்மா கோபித்துக்கொள்வார், அம்மா காபி இல்லையென்று சொல்லிவிடுவார், அப்புறம் சமாதானமாகித் தலை வாரியும் விடுவார். விதியை எதிர்த்து மனு கொடுக்கலாம். பாசத்தை எதிர்த்து எந்த ஆபீசில் மனு கொடுப்பது?

என் பெரியத்தை, அப்பாவின் அக்கா, இப்படி ஓர் இல்லத்தில் இரண்டரை வருஷம் இருந்தார். மன்னார்குடியிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஓர் ஊர். சிங்கப்பூரில் இருந்த அத்தை மகன் மாசம் 9,000 ரூபாய் கட்டினார், முன்பணம் 50,000. பதினெட்டுப் பேர், மூன்று ஆயாக்கள், ஒரு சமையல்காரம்மா. ஆரம்பத்தில் எனக்கு அந்த இடத்தின் மேல் ஓர் அருவருப்பு இருந்தது. போகப்போக அந்தச் சின்ன இடத்தால் மட்டுமே முடிகிற சில காரியங்களைப் பார்த்தேன். அங்கே யாரும் நம்பரல்ல. 'மன்னார்குடிப் பாட்டி', 'வலங்கைமான் தாத்தா' என்று ஊர்பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெரியத்தைக்குக் கத்திரிக்காய் ஆகாது என்பது மூணாவது நாளே சமையலறைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் காலையில் புடவை மாற்றிவிடும்போது கணுக்காலில் விரல் வைத்து அழுத்தி, 'குழி விழுது, மேலெழும்பல, டாக்டரைப் பாருங்க' என்று சொன்னவர் ஓர் ஆயா. இதயத்தில் கோளாறு என்பது அப்படித்தான் தெரிந்தது. வருஷாவருஷம் முழு உடல் பரிசோதனைக்கு அழைத்துப்போன எங்கள் கண்ணில் அது படவில்லை. தினமும் அதே காலைத் தொடுகிற கைக்குத்தான் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியும். 200 பேர் இருக்கிற இடத்தில், வாரத்துக்கு வாரம் ஆள் மாறுகிற இடத்தில், இந்த அறிவு உண்டாக வழியில்லை.

அந்த ஆயா அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனார். அவருக்கு அங்கே கொடுத்தது மாசம் 6,500. பனியன் கம்பெனியில் பீஸ் வெட்டினால் அதைவிட அதிகம், மகனோடும் இருக்கலாம். அவரோடு சேர்ந்து பெரியத்தையைப் பற்றிய அறிவு முழுவதும் திருப்பூர் பஸ் ஏறிவிட்டது. எந்த மாத்திரை வயிற்றைப் புரட்டும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு வாங்காது, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டில்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. புது ஆயா நல்ல பெண்தான், ஆனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இதய நோயாளிக்கு முதலிலிருந்து தொடங்க அவ்வளவு அவகாசம் இருப்பதில்லை. சிறிய இடத்தின் பலம் என்று எதைப் பாராட்டினேனோ அதுவேதான் அதன் பலவீனமும். பெரிய நிறுவனத்தில் ஆள் போனால் காகிதம் மிஞ்சும். சின்ன இடத்தில் ஆள் போனால் ஒன்றும் மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போட்டோ எடுப்பார்கள். எல்லோருக்கும் தோய்த்த புடவை, நெற்றியில் விபூதியோ குங்குமமோ, வரிசையாக நாற்காலி. வாட்ஸாப்பில் அது சிங்கப்பூருக்கும் நியூ ஜெர்சிக்கும் போகும். 'போட்டோவுல நான் நல்லாத்தானேடா இருக்கேன்? அது போதும் அவனுக்கு' என்று பெரியத்தை ஒருமுறை சொன்னார். கோபமில்லாமல்தான் சொன்னார். அந்தக் குடியிருப்பு தயாரித்து அனுப்பிய சரக்கு அந்தப் படம்தான். வாங்குகிறவர் வேறு, வாழ்கிறவர் வேறு என்றான பிறகு, வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள் எல்லாம் மேம்படும்: தரை டைல்ஸ், கேமரா, போட்டோ. தெரியாதவை அப்படியே கிடக்கும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது இதன் இரண்டு பக்கமும் தெரிந்தன. மரங்கள் சாய்ந்து, கரண்டு போய், நாள்கணக்கில் வரவில்லை. இல்லத்தில் ஜெனரேட்டர் கிடையாது. மோட்டார் ஓடாததால் மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. நிர்வாகி சென்னையில் மாட்டிக்கொண்டிருந்தார், செல்போன் கோபுரம் வேலை செய்யவில்லை. உள்ளூரிலேயே வீடிருந்த ஓர் ஆயா, தன் கூரை பறந்துபோன நிலையிலும், நாலு ராத்திரி அங்கேயே இருந்தார். தெருக்காரர்கள் அடிபம்பில் பிடித்த தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஊருக்கு வெளியே, பைபாஸ் ரோட்டோரம், காம்பவுண்டு சுவரும் வாட்ச்மேனுமாக இருக்கும் குடியிருப்புகளில் ஜெனரேட்டர் ஓடியிருக்கும். ஆனால் குடத்தோடு வருகிற தெரு அங்கே இருக்காது. தெருவுக்குள் இருப்பது சிறிய இல்லத்துக்குக் கிடைக்கிற பெரிய அனுகூலம் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். கூரை பறந்த ஆயாவுக்கு அந்த நாலு நாளைக்குத் தனிச் சம்பளம் தரப்பட்டதாக எனக்குத் தகவல் இல்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த வட்டாரத்தில் எதையும் சொல்லி முடிக்க முடியாது. 'சுத்த சைவம்' என்பது விளம்பரங்களில் தவறாமல் வரும், கூடவே 'கோயிலுக்கு அருகில்'. இன்ன சாதிக்குத்தான் இடம் என்று யாரும் அச்சடிக்க மாட்டார்கள். அடுப்படி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு காலத்தில் தெரு செய்த பிரிவினையை இப்போது மெனு செய்கிறது. எங்கள் வீட்டில் புழங்கிய சாப்பாடு வேறு. பெரியத்தைக்கு எண்பது வயதில் கருவாட்டுக் குழம்புக்கு நாக்கு ஏங்கியது. அனுமதி இல்லை, டப்பாவில் கொண்டுபோனாலும் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார்கள். 'செத்தப்புறம் படையல்ல வைப்பீங்கல்ல, அதை இப்ப ஒரு துண்டு குடுக்க மாட்டேங்கறீங்க' என்றார். பெரியத்தைக்கு மூன்று தட்டு இட்லியும் மருந்தும் கிடைத்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்பது வருஷமாக இருந்த ஆளாகவே தொடர்ந்து இருப்பதற்கான இடம் அங்கே இல்லை. சமைத்துப் போட்ட அந்தச் சமையல்காரம்மா வீட்டில் என்ன சாப்பிடுவார் என்று அந்த இல்லத்தில் யாரும் கேட்டதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லையா என்றால், பராமரிப்பை வீட்டுக்கு வெளியே வைத்த மரபு இங்கே உண்டு. தஞ்சை மராத்தியர் கட்டிய சத்திரங்கள் வழிநெடுக இருக்கின்றன. பக்கத்திலேயே நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம். சத்திரங்களைக் காப்பாற்றக் கோரி இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், வழிப்போக்கருக்குச் சோறு போடுவதோடு நோயாளிகளுக்கு வைத்தியம், கர்ப்பிணிகளுக்குப் பேறுகால உதவி என்று அவை செய்த காரியங்களை விவரிக்கிறார். இதைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை, ராஜா தர்மத்தின் பின்னால் யார் உழைப்பு இருந்தது என்பது தெரிந்ததுதான். கவனிக்க வேண்டியது அதன் பொருளாதாரம். சத்திரத்துக்கு நிலம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. வந்து தங்கியவர் யார் தயவையும் நம்பி மாசக் கட்டணம் கட்டவில்லை. இன்றைய சிறிய இல்லத்தில் மகனின் வேலை போனால் அம்மாவின் கட்டிலும் போகும்.

அரசு என்ன செய்கிறது? 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது தொடங்கி, குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு ஏற்படுத்தலாம் என்கிறது. ஏற்படுத்தலாம், ஏற்படுத்த வேண்டும் அல்ல. நூற்றைம்பது என்ற எண்ணையும் பாருங்கள். காசுள்ளவனுக்கு 18 பேரில் ஒருவராக இருக்கும் வாய்ப்பு; இல்லாதவனுக்குச் சட்டத்தின் கற்பனையிலேயே கிடங்கு. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க கோட்டாட்சியரிடம் போகலாம், மாசம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம் என்றும் சட்டம் சொல்கிறது. பெற்ற மகன் மேல் மனுப் போடத் துணிகிற கிழவிகள் எத்தனை பேர்? 2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்காலக் குடியிருப்புகளுக்கு மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. மாதிரி என்பதால் மாநிலங்கள் எடுத்துக்கொண்டால்தான் உயிர். அதுவும் கட்டி விற்கும் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதியது, வாடகை வீட்டில் பதினெட்டுக் கட்டில் போட்டிருப்பவரை நினைத்தல்ல.

வேறு வடிவங்கள் இல்லாமல் இல்லை. கடலூர் மாவட்டத்தில், 2004 சுனாமிக்குப் பிந்தைய வேலைகளிலிருந்து, ஹெல்ப்ஏஜ் இந்தியா உருவாக்கிய தாமரைக்குளம் முதியோர் கிராமத்தில் ஆதரவற்ற முதியோர் நூறு பேர் அளவில் கட்டணமில்லாமல் வாழ்கிறார்கள். தோட்டம், கால்நடை என்று முடிந்த வேலைகளில் அவர்களும் பங்கெடுக்கிறார்கள். ஒரே கட்டடமாக அடைக்காமல் கிராமமாகப் பிரித்துக் கட்டியது எனக்குப் பிடித்திருக்கிறது. நன்கொடையை நம்பியிருப்பது அதன் பலவீனம். அமெரிக்காவில் டுபெலோ என்ற ஊரில் 2003-ல் தொடங்கிய 'கிரீன் ஹவுஸ்' முறையில், ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அதே பணியாளர்களே சமைத்து, துவைத்து, குளிப்பாட்டியும் விடுகிறார்கள். கொரோனா காலத்தில் பெரிய மருத்துவ விடுதிகளைவிட இந்தச் சின்ன வீடுகளில் சாவு குறைவு என்று ஆய்வுகள் வந்தன. சிறியது நல்லது என்று உடனே கொடி பிடிக்க வேண்டாம். அங்கே பணியாளருக்குத் தனிப் பயிற்சியும் கூடுதல் பொறுப்பும் தந்தார்கள். நாம் 'சிறியது' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டோம், அதுதானே மலிவு.

ஆகவே சிறிய குடியிருப்பு வேண்டுமா வேண்டாமா என்றால், வேண்டும் என்றுதான் சொல்வேன். பெரியத்தை வீட்டிலிருந்திருந்தால் அந்தக் கால் வீக்கத்தை யாரும் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் போய்ப் பார்க்கிறவர்கள் டைல்ஸைப் பார்க்க வேண்டாம். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது, இங்கேயே வேலை பார்க்கும் ஆயா எத்தனை வருஷமாக இருக்கிறார், அவருக்கு என்ன சம்பளம், நோட்டு ஒன்று எழுதப்படுகிறதா, பக்கத்துக் கட்டிலில் சாவு விழுந்தால் மற்றவர்களிடம் சொல்வீர்களா அல்லது விடிவதற்குள் எடுத்துவிடுவீர்களா என்று கேளுங்கள். முகம் கோணும். கோணட்டும்.

இதிலும் காசில்லாதவர் வரவேயில்லை. 1968-ல் கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்டு நின்றவர்களில் அன்று இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபத்தேழைத் தாண்டும். அவர்கள் பிள்ளைகள் திருப்பூரில். எந்த வழுவழுத் தாளும் அவர்களை நோக்கிப் பேசாது. அவர்களுக்கு இருப்பது ரேஷன் அரிசியும், 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்த ஓ.ஏ.பி. பணமும்தான். மத்திய அரசுத் திட்டத்தில் வருபவருக்குக்கூட அதில் தில்லியின் பங்கு 79 வயது வரைக்கும் 200 ரூபாய். பத்துப் பேர் தெருவிலேயே ஒரு வீட்டில் சேர்ந்திருந்து, பஞ்சாயத்துச் சம்பளத்தில் இரண்டு ஆயாக்கள் பார்த்துக்கொள்ள என்ன செலவாகும் என்று ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டோம். அப்படியொன்றும் பெரிய தொகை வரவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எந்த ஆபீசுக்குப் போவது என்பதில் பேச்சு நின்றுவிட்டது.

கணுக்காலில் விரல் வைத்து அழுத்திப் பார்த்த ஆயாவோடு இன்னும் தொடர்பு இருக்கிறது. வயது அறுபதை நெருங்குகிறது, பார்வை மங்கியதால் பனியன் கம்பெனியில் வேலை குறைந்துவிட்டது. ஓ.ஏ.பி. மனு எழுதித் தரச் சொல்லிப் போன மாசம் போன் செய்தார். 'புள்ளைங்க இருக்குன்னு எழுதுனா குடுக்க மாட்டாங்களாமே தம்பி. இல்லன்னு நான் எப்படி எழுதச் சொல்றது?'